இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தோராம் ஆள்

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது சண்டைக்கு வருவார், எனக்குச் சண்டை போடும் வயதெல்லாம் தாண்டிவிட்டது. அந்த நாட்டை மாணிக்கராயர் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். வரி அதிகம் கேட்கமாட்டார், கோபம் வந்தாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் மறந்துவிடுவார். ஆனால் அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. எதுவும் மிஞ்சக் கூடாது. தட்டில் ஐந்து பணியாரம் இருந்து, சாப்பிடுகிறவர் இரண்டு பேர் என்றால் போச்சு. மிஞ்சப் போகும் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பார், பேச்சில் மனம் செல்லாது.

இந்தக் கிறுக்கு பணியாரத்தோடு நின்றிருந்தால் நாடு பிழைத்திருக்கும். அது படைக்கும் பரவியது. ஒவ்வொரு பௌர்ணமி அன்றும் காலையில் கோட்டை மைதானத்தில் காலாட்படை அணிவகுக்கும். முரசு இரண்டு முறை அடித்தால் வீரர்கள் இரண்டிரண்டு பேராக, ஒரு வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசையாக நிற்கவேண்டும். மூன்று முறை அடித்தால் மும்மூன்று பேராக. இப்படியே பத்து வரை. பத்தோடு ஏன் நிறுத்தினார் என்றால், அரசர் விரல் விட்டுத்தான் எண்ணுவார், அவருக்கு விரல்கள் பத்து. கடைசி வரிசைக்கு வால் என்று பெயர். அரசர் முன்வரிசையைப் பார்க்கவே மாட்டார். வாலைத்தான் பார்ப்பார். வாலில் ஆள் குறையாமல் இருந்தால், "வால் நிறைந்தது!" என்று கைதட்டுவார். குறைந்திருந்தால் அன்றைக்கு அரண்மனையில் யாருக்கும் சாப்பாடு இறங்காது.

இந்தத் துயரத்தைத் தீர்த்து வைத்தவர் அரண்மனைக் கணக்கர் ஏரம்பர். "மகாராஜா, இரண்டு முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மீதி விழாத எண் ஒன்று இருக்கிறது. அப்படிப்பட்ட எண்களில் இதுவே மிகச் சிறியது. இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது" என்றார். படையை அந்தக் கணக்குக்கு நிறுத்திப் பார்த்தார்கள். அடேயப்பா! ஏழேழாக நின்றாலும் வால் நிறைந்தது, ஒன்பதொன்பதாக நின்றாலும் நிறைந்தது. அரசர் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி ஏரம்பருக்குப் போட்டார். அதோடு, படையில் இனி ஓர் ஆள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்று உத்தரவும் போட்டார். ஒருவர் செத்தால்தான் இன்னொருவர் சேரலாம். படையில் சேர ஆசைப்பட்ட இளவட்டங்கள் கிழட்டு வீரர்களின் வீட்டுக்குப் போய், "மாமா, இருமல் எப்படி இருக்கு?" என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தார்கள்.

ஒரு சட்டமும் உண்டு. அணிவகுப்பு தொடங்கும் முன் கட்டியக்காரர் அதை உரக்கச் சொல்வார்: "முரசு எத்தனை முறை அடித்தாலும் அத்தனை அத்தனை பேராக நிற்கவேண்டும்! வால் நிறையாமல் அதில் மிஞ்சுகிறவர் யாராயிருந்தாலும், பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகவேண்டும்!" ஏரம்பரின் எண் வந்த பிறகு அந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லாமல் போனது.

அரசர் வாலைத்தான் பார்ப்பார் என்றேன் அல்லவா? தளவாய் கட்டியப்பருக்கு அது போதாதா? படைத்தலைவர் அவர்தானே. தன் மூத்த மகனை வாலில் கடைசியாக நிறுத்தினார். அவனுக்குப் பக்கத்தில், நண்பர் ஏரம்பரின் மருமகன். அவனுக்கு முன்னால் மைத்துனர் மக்கள், சகலை மகன், சின்ன மாமனார் பேரன் என்று ஒரு பந்தியே உட்காரலாம், அத்தனை சொந்தம். அரசர் கண்ணில் பட்டுப் பட்டு அவர்கள் எல்லாருக்கும் பட்டுக்கச்சை கிடைத்தது.

இவ்வளவு இருந்தும் இருவருக்கும் வயிற்றெரிச்சல் தீரவில்லை. காரணம், அரண்மனை விகடன் பிச்சாண்டி. ஆள் குள்ளம், சொத்து என்று ஓட்டு வீடு ஒன்று, வாய் மட்டும் ஏழூருக்குக் கேட்கும். அவனுக்குச் சபையில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். அது சிம்மாசனத்துக்கு ரொம்பப் பக்கம். அது போதும் ஏரம்பருக்கு. தினமும் சபைக்கு வந்ததும் முதல் வேலையாக முக்காலியைத்தான் பார்ப்பார்.

"தளவாய் அவர்களே, இன்று ஒரு சாண் முன்னால் வந்திருக்கிறது."

"நேற்றே வந்துவிட்டது. நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்."

"உலகம் போற்றும் எண்ணைக் கண்டுபிடித்தவன் நான். என்னைத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அந்தக் கோமாளிக்கு முக்காலியா?"

முத்துமாலையைப் போட்டுக்கொண்டு முக்காலிக்கு ஏங்குகிற ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள். மாலையின் கனம்கூட அவருக்குத் தெரியவில்லை. முக்காலியைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்தது.

ஆனால் பொறாமை தூணோடு நிற்கவில்லை. சிம்மாசனம் வரை போயிருந்தது. அது எப்படி என்று கேளுங்கள். அரசருக்கு ராணி கோமளவல்லி மேல் கொள்ளைப் பிரியம். ராணியைச் சிரிக்க வைக்கவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரு நாள் முழுக்க யோசித்து, ராணியிடம் வந்து, "நம் பட்டத்து யானை ஏன் இளைத்துவிட்டது தெரியுமா? என் சிரிப்பைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட மறந்துவிட்டது!" என்றார்.

"ஐயோ, இளைத்துவிட்டதா? வைத்தியரை வரச் சொல்லவா?" என்றாள் ராணி, உண்மையான கவலையோடு.

அந்த நேரம் பார்த்துப் பிச்சாண்டி வந்து தொலைத்தான். "யானை இளைக்கவில்லை தேவி. பாகன் கொழுத்துவிட்டான். பக்கத்தில் நின்றால் யானை சின்னதாகத் தெரிகிறது" என்றான். ராணி சிரித்தாள் பாருங்கள், புரையேறித் தோழிகள் தலையில் தட்டும்படி ஆயிற்று. அரசரும் சிரிப்பதுபோல் வாயைத் திறந்தார். உள்ளே பற்றி எரிந்தது. 'என் யானை, என் ராணி, சிரிப்பு மட்டும் இவனுக்கா?' என்று நினைத்தார். அவ்வளவு பெரிய ராஜா ஒரு விகடனைப் பார்த்துப் பொறாமைப்படுவது அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

ஏரம்பருக்கு மூக்கில் வியர்த்தது. மறுநாள் சபையில் எழுந்து நின்றார்.

"மகாராஜா, அரண்மனைச் சோறு உண்ணும் ஆண்கள் எல்லாரும் ஒருமுறையாவது வேல் பிடித்திருக்கிறார்கள். பிச்சாண்டி மட்டும் பிடித்ததில்லை. அவரையும் படையில் சேர்த்தருளவேண்டும்."

"ஆமாம் மகாராஜா, மகாராணியும் கண்டு களிக்கலாம்" என்றார் தளவாய்.

தன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு வேலைத் தூக்கிக்கொண்டு பிச்சாண்டி தடுமாறுவதை அரசர் மனத்துக்குள் பார்த்தார். ராணி இவன் சொல்லுக்குச் சிரிக்காமல் இவனைப் பார்த்துச் சிரிப்பாள். அரசருக்கு இனித்தது. "அப்படியே ஆகட்டும். வரும் பௌர்ணமிக்குப் பிச்சாண்டியும் நிற்பான்" என்றார்.

ராணி மட்டும், "எண்ணிக்கையில் ஒன்று கூடுமே?" என்று கேட்டாள்.

"ஒன்றுதானே தேவி, ஒன்றினால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்றார் அரசர். ஏரம்பர் சிரிப்பை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

என்ன ஆகும் என்று அவருக்குத்தான் தெரியுமே! இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது எதனாலெல்லாம் மீதியின்றிப் போகுமோ, அதனாலெல்லாம் அதற்கு அடுத்த எண் சரியாக ஒன்றை மிச்சம் வைக்கும். முரசு இரண்டு அடித்தாலும் ஓர் ஆள் மிஞ்சும், பத்து அடித்தாலும் ஓர் ஆள் மிஞ்சும். புதிதாகச் சேர்ந்தவன் வாலில் கடைசியாக நிற்கவேண்டும் என்பது படை வழக்கம். அந்த ஓர் ஆள் யார் என்று நான் வேறு சொல்லவேண்டுமா? ஏரம்பர் அதோடு விடவில்லை. பத்துக்கு மேலும் வகுத்துப் பார்த்தார். பதினேழு, இருபத்து மூன்று, நாற்பத்தொன்று, எதற்கும் அந்த எண் வசப்படவில்லை. எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்! துள்ளிக் குதித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் மீதி விழுகிறதா என்றுதான் பார்த்தாரே தவிர, எத்தனை மீதி விழுகிறது என்று பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பொறாமை கண்ணை மறைப்பது என்பது இதுதான்.

பிச்சாண்டி எண்ணெய்க்காரத் தெருவில் இருந்த தன் வீட்டுக்கு வந்தான். வாசலில் அவன் மனைவி வடிவு முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிறைமாதம். எந்த நாளும் வலி எடுக்கலாம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். பிச்சாண்டி நடந்ததைச் சொன்னான். விகடம் எதுவும் சேர்க்காமல் சொன்னான்.

முறம் கையிலிருந்து நழுவியது. "பொழுது சாயறதுக்குள்ள நாட்ட விட்டா? இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு நான் எங்கங்க போவேன்? எல்லையத் தாண்டினா முழுக்கக் காடு. காட்டுலயா பெத்துக்குவேன்?"

"அழாத வடிவு."

"அழாம? ஊரையே சிரிக்க வச்சீங்களே, ஒருத்தனாச்சும் உங்களுக்காகப் பேசினானா? பாழாப் போனவனுங்க! பாவி அந்தக் கணக்கரு நல்லா இருப்பாரா?"

பிச்சாண்டி எழுந்து, அடுக்களையிலிருந்து புளியங்கொட்டைப் பானையைத் தூக்கிவந்தான். போதாததற்குப் பக்கத்து வீட்டிலும் வாங்கிவந்தான். இரண்டு பேருமாக முற்றத்தில் கொட்டையை எண்ணி வைத்தார்கள். வரிசையாக அடுக்கினார்கள், கலைத்தார்கள், மறுபடி அடுக்கினார்கள். வெயில் இறங்கும் நேரம் வடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது சரிங்க, வாலுல உங்களுக்குப் பக்கத்துல நிக்கிறது யாரு?" என்று கேட்டாள். பிச்சாண்டி சொன்னான். அவனுக்கும் முன்னால் யார் என்று கேட்டாள். அதையும் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

பௌர்ணமி வந்தது. மைதானத்தில் ஊரே கூடிவிட்டது. மேடையில் அரசர், பக்கத்தில் ராணி. முரசுக்குப் பக்கத்தில் ஏரம்பர், புது வேட்டியில். வாலின் கடைசியில் பிச்சாண்டி, தோளில் வேலும் தலையில் முழங்கால் உயரத் தலைப்பாகையுமாக. அரசர் ஓரக்கண்ணால் ராணியைப் பார்த்தார். ராணி சிரிக்கவில்லை.

கட்டியக்காரர் சட்டத்தை முழங்கினார். முரசு இரண்டு முறை அடித்தது. படை இரண்டிரண்டாகப் பிரிந்தது. வாலில் பிச்சாண்டி தனியாக நின்றான். அரசர் பதறி எழுந்துவிட்டார். "என்ன இது? மிஞ்சுகிறதே!" மூன்று அடித்தது. பிச்சாண்டி தனியே. நான்கு, ஐந்து, ஆறு. ஒவ்வொரு முறையும் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது பேரும் கச்சிதமாகச் சேர்ந்து நிற்க, அவன் மட்டும் மொட்டை மைதானத்தில் ஒற்றையாக நின்றான். பத்தாவது முறையும் அதே கதை.

ஏரம்பர் கைகூப்பினார். "சட்டம் தெரிந்ததே, மகாராஜா."

அரசர் பொறாமைப்பட்டது உண்மை, ஆனால் ஆளைத் துரத்தவேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. ராணியின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் பாவி மனம் மறுபடி, 'எனக்காக இப்படிக் கலங்குவாளா?' என்று கேட்டது. கேட்ட மனத்தை அவரே திட்டிக்கொண்டார்.

பிச்சாண்டி முன்னால் வந்து வணங்கினான். "மகாராஜா, சட்டத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் முரசு எத்தனை முறை அடித்தாலும் என்றுதானே சட்டம் சொல்கிறது? பத்தோடு நிறுத்தச் சொல்லவில்லையே. இன்னும் அடிக்கச் சொல்லுங்கள். எந்த அடியிலாவது வால் நிறைந்தால் நான் இருந்துகொள்கிறேன். நிறையவே இல்லை என்றால் போய்விடுகிறேன்."

அரசருக்கு உயிர் வந்தது. "கணக்கரே, எந்த அடியிலாவது நிறையுமா?"

ஏரம்பர் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தார். மார்பை நிமிர்த்தி, மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "நிறையாது மகாராஜா! இந்த எண் எதனாலும் வகுபடாது. நூறு அடித்தாலும், ஆயிரம் அடித்தாலும் வாலில் மீதி விழுந்தே தீரும். என் முத்துமாலை மேல் ஆணை!"

"அப்படியானால் பதினொன்று அடிக்கட்டும்" என்றான் பிச்சாண்டி.

அரசர் பத்து விரலையும் மடக்கிவிட்டுத் திகைத்தார். ராணி தன் சுண்டுவிரலை நீட்டினாள். அரசர் அதைப் பிடித்துக்கொண்டார், பிறகு விடவில்லை.

முரசு பதினொரு முறை அடித்தது. புழுதி அடங்கியதும் பார்த்தால், வாலில் இரண்டு பேர். பிச்சாண்டி ஒருவன். அவன் பக்கத்தில் பட்டுக்கச்சை கட்டிய தளவாயின் மூத்த மகன், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு.

"வாங்க தம்பி, தனியாக நின்று கால் வலிக்கிறது. போகும்போது பேச்சுத்துணைக்கு ஆச்சு" என்றான் பிச்சாண்டி.

கூட்டம் குபீரென்று சிரித்தது. தளவாயின் முகம் வெளுத்தது. "ஏரம்பரே, என்னய்யா இது?" என்று பல்லைக் கடித்தார். ஏரம்பர் அவசரமாக விரலில் கணக்குப் போட்டு, "பயப்படாதீர்கள். பன்னிரண்டுக்கு ஒன்றுதான் மிஞ்சும்" என்று கிசுகிசுத்தார்.

பன்னிரண்டு அடித்தது. சொன்னபடியே பிச்சாண்டி மட்டும் நின்றான். தளவாய் மூச்சு விட்டார். "போதும் மகாராஜா! நிறையாது என்று தெரிந்துவிட்டதே!"

"இன்னும் ஒன்றே ஒன்று" என்றாள் ராணி. மூன்றாவது விரலையும் அரசர் கையில் கொடுத்துவிட்டாள்.

பதின்மூன்று அடித்தது. இந்த முறை பிச்சாண்டியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். தளவாயின் மகன், ஏரம்பரின் மருமகன், மைத்துனர் மக்கள், சகலை மகன், சின்ன மாமனார் பேரன் என்று தலைக்குத் தலை பட்டுக்கச்சை. பதின்மூன்றாவது இடம் மட்டும் காலி. கல்யாண வீட்டுக்குத் தப்பான நாளில் வந்துவிட்டவர்களைப்போல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரே ஓர் ஆள்தான் குறைகிறது! நான் நிற்கிறேன்!" என்று தளவாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

"வாருங்கள், வாருங்கள்" என்று பிச்சாண்டி நகர்ந்து இடம் விட்டான். "ஆனால் புதிதாகச் சேர்ந்தவர் கடைசியில் நிற்பதுதானே வழக்கம்? இனி நான் இல்லை, நீங்கள்தான் வால். அடுத்த அடிக்கு என்ன மிஞ்சுமோ, யார் கண்டது?"

தளவாய் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டார்.

"சட்டம் எல்லாருக்கும் பொது" என்றார் அரசர், முகத்தைக் கஷ்டப்பட்டு இறுக்கமாக வைத்துக்கொண்டு. "பன்னிரண்டு பேரும் பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு புறப்படவேண்டும். பதின்மூன்றிலும் மிஞ்சியவன் தளவாய் மகன். அவன் குடும்பம் என்றால் தளவாயும் சேர்த்தியா?"

"மகாராஜா!" தளவாய் விழுந்தார். ஏரம்பருக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் மகள் மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி. மருமகன் போனால் அவளும் போகவேண்டும். "ஏதாவது வழி இருந்தால்..." என்று முனகினார்.

"நீங்கள்தானே மாலை மேல் ஆணையிட்டீர்கள், எதனாலும் வகுபடாது என்று?" என்றார் அரசர்.

"ஒரு வழி இருக்கிறது மகாராஜா" என்றான் பிச்சாண்டி. "இன்னும் அடிக்காத அடி ஒன்று பாக்கி இருக்கிறது. அதைக் கணக்கர் கையாலேயே அடிக்கச் சொல்லுங்கள்."

ஏரம்பர் கோலை எடுத்தார். "எத்தனை?"

"ஒன்று."

தம்! முரசு ஒரு முறை ஒலித்தது. வீரர்கள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருந்தார்கள். ஏரம்பர் ஓங்கிய கோலோடு பிச்சாண்டியைப் பார்த்தார்.

"அவ்வளவுதான், கோலைக் கீழே வையுங்கள்" என்றான் பிச்சாண்டி. "வரிசைக்கு ஒருவர்!"

முதல் ஆள் அரசர் முன்னால் நின்றான். அவன் பின்னால் ஒருவன், அவன் பின்னால் ஒருவன். மைதானம் போதவில்லை. "பின்னால் போ, பின்னால் போ!" என்று கத்திக் கத்தி வரிசை வடக்கு வாசலைத் தாண்டியது, தேர்வீதியைத் தாண்டியது, குளக்கரையைச் சுற்றிக் கடைத்தெருவுக்குள் நுழைந்தது. அப்பளக் கடைக்காரன் கூடையை எடுத்துக்கொண்டு ஓடினான். அரசர் மேடையிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். வாலைக் காணவில்லை! வாலைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியுமா? ராணியை அழைத்துக்கொண்டு, பல்லக்கைக்கூட மறந்துவிட்டு, வரிசையோடு நடக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷமாக வாலை மட்டும் பார்த்தவர், அன்றைக்குத்தான் தன் படையின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "உனக்கு ஏனப்பா காது இப்படி?" என்று ஒருவனிடம் கேட்டார். "உங்களுக்காகச் சண்டை போட்டதில் போனது, மகாராஜா" என்றான் அவன். அரசர் அவன் தோளைத் தட்டிவிட்டு, கொஞ்ச தூரம் அவனைத் திரும்பிப் பார்த்தபடியே நடந்தார்.

பட்டுக்கச்சைக்காரர்கள் எண்ணெய்ச் செக்குக்குப் பக்கத்தில், பிண்ணாக்கு வாசத்தில், ஈ ஓட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கடைசியாகப் பிச்சாண்டி நின்றான். அவன் நின்ற இடம் அவனுடைய வீட்டு வாசல். படியில் வடிவு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

அரசர் வாலைப் பார்த்தார். வரிசைக்கு ஓர் ஆள். கடைசி வரிசையிலும் ஓர் ஆள். குறையும் இல்லை, மீதியும் இல்லை. "வால் நிறைந்தது!" என்று கத்தினார். தெருவே ஆர்ப்பரித்தது.

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்தார் ஏரம்பர். மருமகன் பிழைத்தான் என்று கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பிச்சாண்டி தன் வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பதையும், அரசர் அவன் முன்னால் நிற்பதையும் பார்த்தார். அவ்வளவுதான், பொறுக்கவில்லை. "மகாராஜா, இது செல்லாது! ஒவ்வொருவராக நிற்பது வரிசையா? ஒன்றால் வகுப்பதும் ஒரு கணக்கா? ஒன்று கணக்கிலேயே சேராது!" என்றார்.

"மாமா!" என்று அலறினான் மருமகன்.

பிச்சாண்டி வேலைச் சுவரில் சாய்த்தான். "கணக்கரே, ஒன்று கணக்கில் சேரும் என்றால், இதோ வால் நிறைந்திருக்கிறது. சேராது என்றால், பத்து அடி வரைக்கும் வாலில் மிஞ்சியது நான் ஒருவன்தானே? நானும் கணக்கில் சேரமாட்டேன். கணக்கில் இல்லாதவனை எப்படி நாடு கடத்துவீர்கள்? எது வேண்டும், சொல்லுங்கள். நான் நிற்கிறேன்."

ஏரம்பர் இரண்டு கை விரல்களையும் மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். பக்கத்தில் நின்ற செக்குமாடுகூட அவரைத் திரும்பிப் பார்த்தது.

அரசர் சிரித்தார். சாதாரணச் சிரிப்பா அது? கிரீடம் சரிந்து காதில் தொங்க, படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாக அவரே சொன்னார்: "மொய் வைக்கும்போது நூறா வைக்கிறோம்? நூற்றொன்று வைக்கிறோம்! அந்த ஒன்று மிஞ்சினால்தானே மங்கலம்? என் படைக்கும் யாரோ மொய் வைத்திருக்கிறார்கள். குள்ளமாகத்தான் வைத்திருக்கிறார்கள், போகட்டும்!"

ராணி கலகலவென்று சிரித்தாள். புரையேறியது. தோழிகள் யாரும் பக்கத்தில் இல்லாததால் அரசரே அவள் தலையில் தட்டினார். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! பிச்சாண்டி மேல் இருந்த எரிச்சல் எல்லாம் எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை.

அங்கேயே, அந்த வாசலிலேயே, மிஞ்சியவரைத் துரத்தும் சட்டத்தைத் தூக்கி எறிந்தார். படை இனி இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்றுதான், முரசு இனி ஒரே அடிதான், பிச்சாண்டிதான் என்றும் வால். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தானே நடந்து வந்து வாலைப் பார்ப்பதாகவும் சொன்னார். வடிவு உள்ளே போய் மோர் கொண்டுவந்தாள். ராணி தன் கைவளையல்களைக் கழற்றி அவள் கையில் போட்டாள். "போகணும்னு மூட்டை கட்டினியா?" என்று கேட்டாள்.

"இல்ல தேவி, இவரு மேல நம்பிக்கை இருந்துச்சு" என்றாள் வடிவு. பிறகு, "பாதி கட்டினேன்" என்றாள்.

நான்காம் நாள் அந்த வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. அடுத்த பௌர்ணமிக்கு அரசரும் ராணியும் நடந்து வந்தார்கள், குழந்தையைக் கொஞ்சினார்கள், மோர் குடித்தார்கள், அரை நாழிகை பேசிக்கொண்டிருந்தார்கள். அரண்மனை முழுக்க இதே பேச்சு. தளவாய்க்குத் தூக்கம் போச்சு. அரண்மனை வாசலில் மூன்று தலைமுறையாக இருந்த தன் மாளிகையை விற்றுவிட்டு, எண்ணெய்க்காரத் தெருவில் பிச்சாண்டிக்குப் பக்கத்து வீட்டுக்கு விலை பேச வந்தார். வந்தால், அந்த வீட்டு வாசலில் முத்துமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏரம்பர் ஏற்கெனவே பேரம் பேசிக்கொண்டிருக்கிறார். இருவருக்கும் நடுத்தெருவில் கைகலப்பு.

விஷயம் அரசர் காதுக்குப் போனது. மறுபடியும் கிரீடம் சரியச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்த வீட்டைத் தானே வாங்கி, பிச்சாண்டி மகளுக்குத் தொட்டில் சீராகக் கொடுத்துவிட்டார்.